தேவையான அளவு

உப்பு – தேவையான அளவு.

அவள் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். எழுதிய மகராசியின் கழுத்தை நெரிக்க வேண்டும் போலிருந்தது.

எழுதியது அவள்தான்.

அடுப்பு மேடையில் புத்தகம் விரிந்து கிடந்தது. அட்டையில் அவள் பெயர். உள்ளே, ஆடிப்பெருக்கிலிருந்து சித்திரை வருடப்பிறப்பு வரை எல்லாப் பண்டிகைக்கும் சமையல். வந்தவர்களை எப்படி உட்கார வைப்பது, இலையில் எதை எங்கே வைப்பது என்பது உட்பட. கல்யாணச் சீர்வரிசையில் வைத்துக் கொடுக்கிற அளவுக்குப் பேர் வாங்கிய புத்தகம். அதைப் பார்த்து அவள் சமைப்பது இதுதான் முதல் தடவை.

தை மாதம் வந்த காய்ச்சல், போகும்போது நாக்கையும் மூக்கையும் கூடவே கொண்டுபோய்விட்டது. காப்பி வெந்நீராக இருந்தது. எலுமிச்சை ஊறுகாய் ஈரத்துணியாக இருந்தது.

"வரும்மா. எப்பன்னு சொல்ல முடியாது" என்றார் டாக்டர்.

வீட்டில்கூட அவள் மூச்சு விடவில்லை. சமையல் புத்தகம் எழுதுகிறவளுக்கு ருசி தெரியாது என்றால் ஊர் சிரிப்பாய்ச் சிரிக்கும்.

மற்ற நாட்களில் எப்படியோ சமாளித்துவிட்டாள். கரண்டியைக் கணவரிடம் நீட்டி, "உப்பு பாருங்க" என்பாள். கல்யாணமான நாளிலிருந்து சமையலறையில் யாரும் அபிப்பிராயம் கேட்காத மனிதர். உள்ளங்கையில் வாங்கி, கண்ணை மூடி, சப்புக் கொட்டி, "இன்னும் ரெண்டு கல்லு போடலாம்" என்று நீதிபதி மாதிரி தீர்ப்புச் சொல்வார்.

இன்று அதுவும் முடியாது.

சித்திரை ஒன்று. சாமிக்குப் படைக்கும் முன் யாரும் எதையும் வாயில் வைக்கக் கூடாது. புத்தகத்திலேயே அதைக் கொட்டை எழுத்தில் போட்டிருந்தாள்.

சாப்பிட வருவது நாத்தனார் பூங்கோதை. கூடவே பதிப்பகம் நடத்தும் மாசிலாமணி. அடுத்த புத்தகத்தைப் பற்றிப் பேச வேண்டும், பேச்சை உங்கள் வீட்டு இலையிலேயே வைத்துக்கொள்வோம் என்று அவராகக் கேட்டு வருகிறார்.

இன்று பிசகினால் அடுத்த புத்தகம் கிடையாது. அதுகூடப் போகட்டும். இனிமேல் தன்னால் சமைக்க முடியாது என்று தனக்கே தெரிந்துவிடும். அவளுக்கு அதுதான் பயமாக இருந்தது.

முன்பெல்லாம் கை போடும், நாக்கு சரி என்று சொல்லும். நாக்கு போனதும் கைக்கும் துணிச்சல் போய்விட்டது.

காதை வைத்துச் சமைத்தாள். கடுகு வெடித்து ஓயும் வரை காத்திருந்தாள். கண்ணை வைத்துச் சமைத்தாள். வேப்பம்பூவை நெய்யில் வறுத்து, கறுக்கும் முன் இறக்கினாள்.

பச்சடிக்கு மாங்காய் வெந்துவிட்டது. உப்பை எடுத்தாள். கொஞ்சம் திரும்பக் கொட்டினாள். மறுபடி எடுத்தாள்.

முருகா என்று போட்டாள்.

வேப்பம்பூவையும் போட்டுக் கிளறினாள். வெல்லத்தைக் கரைத்து, மண் போக வடிகட்டி, ஓரமாக வைத்தாள்.

வாசலில் மணி அடித்தது.

வாங்க வாங்க என்றாள். மின்விசிறியைப் போட்டாள். கற்பூரம் காட்டினாள். இலை போட்டு, முதலில் வேப்பம்பூ பச்சடியை வைத்தாள். வருடப்பிறப்பன்று அதைத்தான் முதலில் தொட வேண்டும்.

மாசிலாமணி ஒரு வாய் எடுத்து வைத்தார். அப்படியே உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர், விழுங்கிவிட்டார்.

"பிரமாதம்மா" என்றார். கண்ணில் தண்ணீர் நின்றது.

பூங்கோதைக்கு அந்த நாகரிகமெல்லாம் கிடையாது.

"ஐயோ, என்ன அண்ணி இது! வெல்லமே போடலையா?"

வடிகட்டிய வெல்லத் தண்ணீர் அடுப்படியில் வைத்த இடத்திலேயே இருந்தது. மூக்கு இருந்திருந்தால் பாத்திரத்துப் பக்கத்தில் போனதுமே தெரிந்திருக்கும்.

அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. மானம் போயிற்று. கையிலிருந்த கரண்டியிலிருந்து கொஞ்சம் உள்ளங்கையில் விட்டு நாக்கில் வைத்தாள். யோசித்துச் செய்யவில்லை. இத்தனை வருடப் பழக்கம்.

வழக்கம்போல் ஈரத்துணி.

விழுங்கினாள்.

தொண்டைக்குப் பக்கத்தில், அடிநாக்கில், ஏதோ லேசாகப் பிடித்தது.

இன்னும் கொஞ்சம் எடுத்து வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"கசக்குது" என்றாள்.

"அதத்தானே நானும் சொல்றேன்" என்றாள் பூங்கோதை. "அதுக்குப் போயி ஏன் அண்ணி அழுவுறீங்க? வெல்லத்த ஊத்திக் கலக்கிட்டாப் போச்சு."

கசந்தது. நாக்கு முழுக்கக் கசந்தது. அப்பாடா என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். அழுகையும் சிரிப்புமாக வந்தது. மாசிலாமணி என்ன நினைப்பார் என்பது அவளுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை.

பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த கணவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"உனக்குக் கசக்குதா?"

வேகமாகத் தலையாட்டினாள். ஆட்டிய பிறகுதான், அவர் என்ன கேட்டார் என்பது அவளுக்கு உறைத்தது.

அவர் இலையில் இருந்ததை ஒரு பொட்டு விடாமல் வழித்துச் சாப்பிட்டார். முகம் கோணவில்லை.

"இன்னொரு கரண்டி போடு" என்றார்.