நடு அட்டவணை

குழந்தைகள் காப்பகக் கணினியில் மரகதத்தின் பெயர் இருந்தது. மகள் யாமினியின் பெயரும் இருந்தது. ஒரு பிள்ளைக்குப் பல உறவுகள், ஒருவருக்குப் பல பிள்ளைகள் என்பதால், யாருக்கு யார் என்பது இரண்டுக்கும் நடுவே ஒரு தனி அட்டவணையில் இருக்கும். அதில் அவர்களுடைய வரியைக் காணவில்லை.

“இவங்க முகவரிய மாத்துனப்போ பிள்ளைங்க பட்டியல் ஸ்கிரீன்ல ஏறல. பிள்ளைங்களே இல்லன்னு நெனச்சு சாஃப்ட்வேர் அந்த வரிய அழிச்சிடுச்சு,” என்றான் புரோகிராமர் சகாயம். “நானே சேத்துடவா மேடம்?”

“யார் சொல்லிச் சேப்ப? பழைய ஃபைலும் இல்ல,” என்றார் கண்காணிப்பாளர். “பிள்ளையே சொல்லட்டும்.”

மூன்று வருடம் வெளிநாட்டில் வீட்டுவேலை செய்துவிட்டு மகளை அழைத்துப்போக வந்திருந்த மரகதம், மண்டியிட்டுக் கைகளை நீட்டினாள். ஐந்து வயது யாமினி அந்தக் கைகளையே பார்த்தாள். பிறகு காப்பக ஆயாவின் சேலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.