வீட்டுக்கு ஒருவர்

சாந்தகுமாரின் கையில் இருந்த ஊன்றுகோலைப் பார்த்ததும் கங்கையா பேனாவை மூடிவிட்டார்.

பிச்சாட்டூர் ஏரிக்கரையில் நீச்சல் போட்டிக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்தார் அவர். வீட்டுக்கு ஒருவர்தான். நோட்டில் வீட்டுத் தலைவர் பெயர் ஏறும்; யார் நீந்தினாலும் அந்தப் பெயர்தான். ஓட்டுப் பட்டியலைத் தவிர இந்தப் பக்கத்தில் எல்லாப் பட்டியலும் அப்படித்தான்.

"விஜயபுரம், சாந்தகுமார் வூடு. எழுதுங்க."

எந்தக் கால் என்று கேட்டார் கங்கையா. இடது கால், முட்டிக்குக் கீழே ஒன்றுமில்லை என்றான் சாந்தகுமார். பர்மா சண்டையில் குண்டு விழுந்தது, பட்டாளம் மெடலைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியது, மூன்று வருடம் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தது எல்லாம் சொன்னான். ஒருநாள் வாழ்க்கை வெறுத்து ஊர் ஏரியில் இறங்கியதையும், சாகடிக்க வேண்டிய தண்ணீர் தாங்கிப் பிடித்ததையும் சொன்னான். அன்றிலிருந்து தினமும் அக்கரையைத் தொட்டுத் திரும்பாமல் காப்பி இறங்குவதில்லையாம்.

கங்கையா அவனுடைய முழுக்கால் சட்டையை உற்றுப் பார்த்தார். கட்டைக் காலை நன்றாகத்தான் பொருத்தியிருக்கிறார்கள் என்று பக்கத்தில் இருந்தவரிடம் முணுமுணுத்தார். அதற்குள் காற்றில் ஒரு தாள் பறந்து மேசைக்கடியில் போனது. சாந்தகுமார் குந்தி உட்கார்ந்து அதை எடுத்துக் கொடுத்தான்.

"நீந்திக்கினே முழுகிப்போனா யாருய்யா பதில் சொல்றது? விஜயபுரம் ஆந்திராவா மெட்ராஸான்னே இன்னும் தீரல. உங்கள எந்தப் பக்கம் சேத்துக்கறது?"

"காலு போனப்ப எந்த ஸ்டேட்டுன்னு யாரும் கேக்கல சார்."

கரையில் நின்ற கூட்டம் சிரித்தது. கங்கையாவுக்கு முகம் சுண்டிப் போனது. மாட்டு வண்டியில், மடியில் சோற்றுத் தூக்கோடு உட்கார்ந்திருந்த சாந்தகுமாரின் மனைவி தபீதாளிடம் திரும்பினார்.

"ஏம்மா, நீயாவது புருசனுக்குச் சொல்லக் கூடாதா? நாளைக்கு மாரடிச்சிக்கினு அழப்போறது நீதானே?"

தபீதாள் அவரைப் பார்க்கவே இல்லை. அக்கரையில் நட்டிருந்த கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சேர்த்துக்கொள் என்று கூட்டம் கத்த ஆரம்பித்தது. கங்கையா சட்டென்று பெரிய மனிதர் ஆனார். நோட்டில் பெயரை எழுதினார். சாந்தகுமார் கேட்டது ஒன்றுதான். இதை மைக்கில் சொல்லிவிட வேண்டும்.

சொன்னார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டே சொன்னார்.

"சண்டையில காலக் குடுத்தவங்களத் தடுக்க இங்க எவனுக்கும் உரிமை கெடையாது. பேரு ஏறிடுச்சு. இனிமே யாரு சொன்னாலும் அதக் கோடு போட்டு அடிக்கமாட்டேன்."

கைதட்டல் அடங்கவில்லை. பதினேழாம் நம்பர் எழுதிய துணியை எடுத்துக்கொண்டு, சாந்தகுமாரின் தோளில் தானே கட்டிவிட எழுந்து வந்தார் கங்கையா.

சாந்தகுமார் ஒதுங்கி வழிவிட்டான். வண்டியிலிருந்து தபீதாளின் குரல் வந்தது.

"துணிய இங்க கொண்டாங்க சார், பர்மாவுல கால வுட்டுட்டு வந்த நர்சு நான்தான்."