எட்டு மணி ஓசூர் பஸ்

இதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்யவும் தயார்தான். ஆனால் இது காற்றுக் காலம்; சூடம் தானாகவே அணைந்து தொலைத்தால் அப்புறம் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள்.

பாலக்கோடு பஸ் ஸ்டாண்டில் அன்று காலை ஏழரை மணிக்குள் காளியப்பன் பத்தொன்பது பஸ்ஸைக் கோட்டை விட்டிருந்தார். இருபதாவது பஸ் நிற்பதற்குள் சன்னல் வழியாகத் துண்டை வீசினார். துண்டு சீட்டில்தான் விழுந்தது. தக்காளிக் கூடையோடு ஏறிய ஒரு பொம்பளை அதை எடுத்துக் கழுத்து வேர்வையைத் துடைத்தாள், வெளியே எறிந்தாள், சட்டமாக உட்கார்ந்துகொண்டாள்.

"இவள யாரு உள்ள விட்டது?" என்று கத்தினார்.

"நாந்தாம்ப்பா. மூணாவது லெவல்ல அவ வருவா," என்றாள் மகள் கலைமதி.

பஸ், சன்னல், கூடைக்காரி எல்லாமே கலைமதியின் செல்போனுக்குள் இருந்தன. தருமபுரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருஷம் படிக்கிறவள், தானே உருவாக்கிய கேம் அது. பெயர் 'துண்டு'. ஓடுகிற பஸ்ஸில் துண்டு போட்டு சீட் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

பதினோரு மணிக்கு ஓசூரில் ஒரு கேம் கம்பெனியில் அவளுக்கு இன்டர்வியூ. கிடைக்காவிட்டால் கேம் பேச்சையே விட்டுவிட்டு அரசாங்க வேலைக்கான குரூப் ஃபோர் கோச்சிங்கில் சேர்ந்துவிடுவதாக அப்பாவிடம் வாக்குக் கொடுத்திருந்தாள். காளியப்பனுக்கு அந்த வாக்கு ரொம்பப் பிடித்திருந்தது. விடியும் முன்பே தோட்டத்து வூட்டிலிருந்து டிவிஎஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தவர், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததும் கேட்டார்.

"ஏங்கண்ணு, வேலவெட்டி இருக்கறவன் எவனாச்சும் இத ஆடுவானா?"

"உனக்குத்தான் எட்டு மணி வரைக்கும் வேலயில்லயே. ஆடிப் பாரு."

ஆடமாட்டார்கள் என்று நிரூபிப்பதற்காகத்தான் அவர் செல்லை வாங்கினார். இருபது வருஷமாக ஓசூர் பஸ்ஸுக்குத் துண்டு போடுகிற கை அது. நின்றுகொண்டு போனதாகச் சரித்திரமே கிடையாது. அந்தக் கை இப்போது தோற்றுக்கொண்டே இருந்தது.

"துண்டுல கனமே இல்ல கண்ணு. நனைச்சுப் பிழிஞ்ச துண்டா இருந்தா நேராப் போயி உழும். இது காகிதமாட்டம் பறக்குது."

கலைமதி நோட்டில் எழுதிக்கொண்டாள். கேம் செய்தவர்கள், பிறர் ஆடும்போது வாயைத் திறக்கக் கூடாது. ஆடுகிறவரின் விரலையும் முகத்தையும் மட்டும் பார்த்துக் குறிக்க வேண்டும். அப்படித்தான் படித்திருந்தாள். அதனால் அவளும் தலை நிமிரவில்லை. எதிரே, ஓசூர் பஸ் நிற்கிற இடத்தில் ஒரு ஆடு காலை நீட்டிப் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது.

கூடைக்காரியை ஒருவழியாக ஜெயித்ததும், பெருமையடித்துக்கொள்ள ஆள் தேடிக் காளியப்பன் நிமிர்ந்தார். கடைக் கடிகாரத்தில் ஒன்பதே முக்கால்.

"கண்ணு... எட்டு மணி பஸ்ஸு?"

கலைமதி கடிகாரத்தைப் பார்த்தாள். நோட்டை மூடினாள். "போயிருச்சுப்பா. இனி எதுல போனாலும் பதினொண்ணுக்குள்ள முடியாது."

கோச்சிங் சென்டர் காலடியில் வந்து விழுந்திருந்தது. கேட்ட வரம் கிடைத்தவராகச் சிரித்திருக்க வேண்டும். காளியப்பனோ தேள் கொட்டினவர் மாதிரி எழுந்து நின்றார்.

அவள் கம்பெனிக்குப் போன் போட்டு, "மேடம், நாங்க பஸ்ஸ உட்டுட்டோம்..." என்று இழுப்பதற்குள் செல்லைப் பிடுங்கிக்கொண்டார்.

"அம்மா, நான் பொண்ணோட அப்பன் பேசறனுங்க. தப்பு அவளுது இல்லீங்க, என்னுது. எவன் இத ஆடுவான்னு கேட்டுப்புட்டு, ஏழு மணியிலருந்து நானேதான் ஆடிட்டிருந்தனுங்க."

அந்தப் பக்கம் மேடம் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டார். "கேம்ல பஸ் பிடிக்கறேன்னு நிஜ பஸ்ஸ விட்டுட்டீங்களா?"

"ஆமாங்க. ஹாரன் அடிச்சதுகூடக் காதுல உழுந்துச்சுங்க. கண்டக்டர் விசிலும் கேட்டுது. எல்லாம் செல்லுலதான் அடிக்குதுன்னு இருந்துட்டனுங்க. நான் ஒரு கிறுக்கன். அதுக்காக எம் பொண்ண உட்டுறாதீங்க."

ஓசூரில் நாலைந்து பேர் சேர்ந்து சிரிப்பது கேட்டது.

"ஐயா, நாங்க அஞ்சு வருசமா கேம் பண்றோம். எங்க கேமை ஆடி இதுவரைக்கும் ஒருத்தர்கூட ஒரு டவுன் பஸ்ஸக்கூட விட்டதில்ல. இதுக்கு மேல இன்டர்வியூ எதுக்கு? உங்க பொண்ண திங்கக்கிழமை வந்து சேந்துக்கச் சொல்லுங்க."

கலைமதி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். குரூப் ஃபோரைத் தன் வாயாலேயே கெடுத்துக்கொண்ட காளியப்பனுக்கு, அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. ஓடுகிற பஸ்ஸையே மறக்கடிக்கிற கேம்; அதைச் செய்தவள் அவர் மகள். மீசையைத் தடவிக்கொண்டு டீக்கடைக்காரரிடம் திரும்பினார்.

"சின்னராசு, சக்கர தூக்கலா ரெண்டு டீ போடு. ஏம்ப்பா, எட்டு மணி பஸ்ஸு எம் மூக்குக்கு முன்னால நின்னு போயிருக்குது. ஒரு கொரலு குடுக்கக் கூடாதா?"

சின்னராசு பாய்லர் பக்கமிருந்து தலையை நீட்டினார்.

"எந்த பஸ்ஸுங்ணா? விடியக்காலையிலருந்தே ஸ்டிரைக்கு."