பாதி முழுகிய கப்பல்

“முழுசா மிதந்தா கப்பல். முழுசா முழுகினா விபத்து. பாதி முழுகிண்டு நிக்கறதுக்கு என்னம்மா பேரு?”

ஞாயிற்றுக்கிழமைக் காப்பியை ஆற்றியபடி மகளிடம் கேட்டார் வைத்தீஸ்வரன். கர்நாடகத் தலைமைச் செயலகமான விதான சௌதாவில் கோப்புகளை மிதக்கவும் விடாமல், முழுகவும் விடாமல் காப்பாற்றி ஓய்வு பெற்றவர் அவர். அப்படிப்பட்டவருக்கே மாப்பிள்ளை ரகு வேலை பார்க்கும் கப்பல் மட்டும் பிடிபடவில்லை.

“செமி சப்மெர்சிபிள்ப்பா,” என்றாள் மகா, மல்லேஸ்வரம் ஃபிளாட்டின் பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டே. “அடியில ரெண்டு பெரிய தொட்டி இருக்கும். அதுல தண்ணியை ரொப்பினா கப்பல் பாதி இறங்கி நிக்கும். நடுவுல இருக்கற தூண் மட்டும்தான் அலையில படும். அதனால அதிகம் ஆடாது. நங்கூரம்கூடப் போடாம, சுத்தியும் தண்ணிக்குள்ள இருக்கற விசிறியை ஓட்டி ஒரே இடத்துல நிக்கும்.”

“இந்த ஊர்ல பஸ்ஸே ஸ்டாப்புல நிக்கறதில்லை. சரி, நின்னு என்ன பண்ணும்?”

“கடலுக்கு அடியில சீக்கு வந்த எண்ணெய்க் கிணத்துக்கெல்லாம் வைத்தியம் பாக்கும். அங்க போய் வால்வு திருப்பற ரோபோவை ஓட்டறதுதான் அவர் வேலை.”

“நன்னா திருப்பினார் போ. உன் சமையலறைக் குழாய் தீபாவளியிலேர்ந்து ஒழுகறது. அதைத் திருப்ப ஆளைக் காணோம்.”

வைத்தீஸ்வரன் கிண்டலாகத்தான் சொன்னார். ஆனால் மனசு கேட்கவில்லை. ஒரு மாதம் கடல், ஒரு மாதம் வீடு என்பது ரகுவின் கணக்கு. மனைவி பாகீரதி போன பிறகு, தனியாக உட்கார்ந்து சாப்பிடுவது எப்படி இருக்கும் என்று வைத்தீஸ்வரனுக்கு நன்றாகவே தெரியும். பெற்ற பெண்ணுக்கு வருஷத்தில் பாதி நாள் அதே கதி என்று நினைத்தாலே அவருக்கு நெஞ்சு கனத்தது. மகா என்னவோ பாட்டுப் போட்டுக்கொண்டு, சிரித்துக்கொண்டு, போன மாதத்துக்கு இரண்டு கிலோ கூடியும் இருந்தாள். துக்கத்தை மறைக்கத்தான் இத்தனை பாடு என்று அவர் முடிவு கட்டியிருந்தார்.

மகாவின் போன் ஒலித்தது. ரகுதான். ஸ்பீக்கரில் போட்டாள்.

“மாமாவும் இருக்காரா? கேக்கறதா மாமா? இங்க பயங்கரக் காத்து! அலை பனை மரம் உசரத்துக்கு வரது. கப்பல் ஊஞ்சலா ஆடறது. மூணு நாளா சாதமே இறங்கலை!”

“ஆடவே ஆடாதுன்னு பீத்திப்பேளே?” என்றாள் மகா.

போனில் கடல் சட்டென்று அமைதியானது.

“அது... இது வேற மாதிரி அலை, மகா. ஐயோ, சிக்னல் போறது!” என்றான் ரகு. சிக்னலும் சொன்ன பேச்சைக் கேட்டுப் போய்விட்டது.

“ஏண்டி, மனுஷன் அங்க கிறங்கிப்போய்க் கிடக்கார், நீ குறுக்கு விசாரணை பண்றியே?”

“இங்க வந்தா மட்டும் சும்மாவா இருக்கார்? கப்பல்ல எந்த வேலைக்கும் முன்னாடி அனுமதி வாங்கணுமாம். அதை அப்படியே வீட்டுக்குக் கொண்டு வந்துடறார். போன தடவை ஒரு பல்பு மாத்தறதுக்கு அரை மணி பாதுகாப்புக் கூட்டம். நான் தாளிக்கறதுக்கு முன்னாடி கையெழுத்துப் போடணும், கடுகு வெடிக்குமாம். பெருக்க வந்த வள்ளியம்மாவை நிறுத்தி, இதுல என்னென்ன ஆபத்துன்னு சொல்லச் சொன்னார். ‘பேடாம்மா, இந்த வேலையே வேண்டாம், நான் வேற வூடு பாத்துக்கறேன்’னு அவ துடைப்பத்தைப் போட்டுட்டுப் போயிட்டா.”

“பொறுப்பான மனுஷன்!” என்று பூரித்துப்போனார் வைத்தீஸ்வரன். “இப்படி ஒருத்தர் தினமும் கூடவே இருந்தா வீடு எப்படி இருக்கும்!”

“அதைத்தான்ப்பா நானும் நினைச்சுப் பாத்தேன்,” என்றாள் மகா மெதுவாக.

அந்தக் குரல் அவரை உலுக்கிவிட்டது. காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

“போதும். அவா பெங்களூர் ஆபீஸ்ல பெரிய ஆள் யாரு தெரியுமோ? நீல். என் செக்ஷன்ல இருந்தாரே இராஜமாணிக்கம், அவர் பையன். நான் ஒரு வார்த்தை சொன்னாப் போதும், மாப்பிள்ளையைக் கரைக்கு மாத்திடுவான். அப்புறம் தினம் சாயங்காலம் உன் வாசல்ல நிப்பார்.”

மகாவின் முகம் வெளுத்தது. “வேண்டாம்ப்பா! அவருக்குக் கடல்னா உசுரு.”

“உனக்கு?”

“எனக்கும்தான்.”

வைத்தீஸ்வரன் கேட்கிற நிலையில் இல்லை. தன் போனை எடுத்து நீலின் பெயரைத் தேடினார். மகா ஓடிவந்து பிடுங்கினாள்.

“குடும்மா! நீ தனியாக் கிடக்கறதை நினைச்சா எனக்குத் தூக்கமே வரதில்லை. இன்னிக்கு இதை முடிக்காம நான் போகப்போறதில்லை!” கிழவர் போனுக்குக் கையை நீட்டினார்.

இனி மறைத்துப் பயனில்லை என்று மகாவுக்குத் தெரிந்துவிட்டது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினாள்.

“நீலைக் கேட்டா சிரிப்பான்ப்பா. ரோபோ ஓட்டறவாளை எல்லாம் கரைக்கு மாத்தி ரெண்டு வருஷமாச்சு. அவன் பெண்டாட்டி ஸ்னேஹாவே எங்கிட்ட சொன்னா. கடலுக்குப் போறேன்னு பெட்டியைத் தூக்கிண்டு கிளம்பற உங்க மாப்பிள்ளை, இதே ஊர்ல பொம்மனஹள்ளியில ரூம் எடுத்துத் தங்கிண்டு, அங்க ஆபீஸ்ல ஏசியில உக்காந்துதான் சாட்டிலைட் வழியா அந்த ரோபோவை ஓட்டறார்.”

“அடப்பாவி! கட்டின பெண்டாட்டியையே ஏமாத்தறானா?” வைத்தீஸ்வரன் துள்ளி எழுந்தார். “போனைக் குடு! உனக்கு எல்லாம் தெரியும்னு இப்பவே அவன்கிட்டச் சொல்றேன்!”

“ஐயோ அப்பா, சொன்னா வீட்டுக்கு வந்துடுவாரே!”