முறுக்கில் என்ன சத்து?

"இது என்னங்க?"

கணவரின் ஆபீஸ் பையில் முறுக்குப் பொட்டலம். கையும் களவுமாகப் பிடித்துவிட்டாள் மனைவி. ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகர் அவள். ஊருக்கெல்லாம் பத்தியம் சொல்லிவிட்டு வந்தால் வீட்டில் இந்த லட்சணம்.

"முறுக்கு," என்றார். பார்வை மகளின் அறைக் கதவிலேயே இருந்தது.

"தெரியுது. பிரிச்சு வேற இருக்கு. அரிசி மாவு, எண்ணெய், உப்பு. ஒரு பிடி உளுந்தைச் சேர்த்துட்டா சத்து வந்துடுமா? நார்ச்சத்து உண்டா இதுல?"

"கொஞ்சம் மெதுவாப் பேசேன்."

"ஏன், பொண்ணு காதுல விழுந்தா மானம் போயிடுமா? அவளைப் பாத்துக் கத்துக்கங்க. நான் சொல்றதைக் கேட்டு எப்படி இளைச்சுட்டா பாருங்க. எண்ணெய்ப் பலகாரம்னா திரும்பிக்கூடப் பாக்கறதில்ல."

அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தார், எழுந்தார். கதவருகே போய் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார்.

"முழியே சரியில்லையே. எவ்வளவு நாளா இந்தத் திருட்டுத் தீனி?"

"ஒரு வாரமா தினமும் வாங்கிட்டு வரேன்."

"இந்த வயசுல அப்படி என்ன நாக்கு உங்களுக்கு?"

"எனக்கில்ல." அவர் குரலைத் தாழ்த்தினார். "போன வாரம் அவ காலேஜ்ல மயங்கி விழுந்துட்டா. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டா."

"என்னது?"

"நீ கட்டிக் குடுக்கற சாப்பாட்டை யாருக்காவது குடுத்துடறாளாம். தட்டுல எதைப் பாத்தாலும் நீ சொல்ற கலோரிக் கணக்குதான் ஞாபகம் வருதாம். சாப்பிடவே பயமா இருக்குன்னு டாக்டர்கிட்ட அழுதா."

கையிலிருந்த பொட்டலத்தை அவள் மேசைமேல் வைத்தாள்.

"பிடிச்சது எதுவோ அதுல ஆரம்பிங்கன்னார் டாக்டர். சின்னதுல அவளுக்கு முறுக்குன்னா உயிர். இத்தனை நாளும் தொடவே இல்ல. இன்னிக்குதான் ஒண்ணை எடுத்துக்கிட்டு உள்ள போனா. கடிக்கிற சத்தம் கேட்டுச்சு. எனக்கு உயிரே வந்துச்சு." கதவைக் காட்டினார். "நீ ஆரம்பிச்சதும் அந்தச் சத்தம் நின்னுபோச்சு."

மூடிய கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே எந்தச் சத்தமும் இல்லை.

பொட்டலத்திலிருந்து ஒரு முறுக்கை எடுத்தாள். உள்ளே கேட்கட்டும் என்று நறுக்கெனக் கடித்தாள்.

"ஏங்க," என்றாள் உரக்க, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "இதுல சத்து இல்லைன்னு எவ சொன்னா?"