அறுபது படங்களில் இல்லாத கை

மேஜை வந்துவிட்டது. மேஜைமேல் விரித்த செய்தித்தாளும் எழுத்தோடு வந்துவிட்டது. தம்பியின் கை மட்டும் வரவில்லை.

அக்கா திரையில் இருந்த முப்பரிமாண உருவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முழங்கை வரை சரியாக இருந்தது. அதற்கப்பால் கொஞ்சம் புகை.

"ஜடப்பொருள் எல்லாத்தையும் ஏத்திக்கிச்சு. என்னை மட்டும் இறக்கி விட்டுடுச்சு, பாத்தியாக்கா?"

பழைய கட்டடங்களைப் படமெடுத்து அளவெடுப்பது அவள் தொழில். ஒரு தூணைச் சுற்றி வந்து அறுபது படம் எடுப்பாள். தூணில் உள்ள ஒரு கீறலை மென்பொருள் படத்துக்குப் படம் தேடிப் பிடிக்கும். எந்தக் கோணத்திலிருந்து எங்கே தெரிகிறது என்று கணக்குப் போட்டு, கீறல் இருக்கும் இடத்தைச் சொல்லிவிடும். இப்படிப் பல்லாயிரம் புள்ளிகள் சேர்ந்தால் தூண்.

நிபந்தனை ஒன்றுதான். தூண் அசையக் கூடாது.

தம்பியின் கைகள் இரண்டும் இரண்டு வருடமாக நடுங்குகின்றன. வலதைவிட இடது தேவலை என்று அதைத்தான் மேஜைமேல் வைத்திருந்தான்.

திங்கட்கிழமை அவன் மனைவி புது வேலையில் சேர்கிறாள். மதியம் ஊட்டிவிட ஆள் இருக்காது. அக்கா வருகிறேன் என்றதற்கு, அதற்குப் பட்டினியே கிடக்கலாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். கடையில் வாங்கிய தடித்த பிடிக் கரண்டிகள் மூன்றும் கையை விட்டு நழுவின. அவன் கைக்கென்றே ஒரு பிடி செய்ய வேண்டும். அதற்குக் கையின் உருவம் வேண்டும்.

துணியால் மேஜையோடு கட்டிப் பார்த்தாள். விரல்கள் ஆடின. அவளே பிடித்துக்கொண்டாள், அவன் மனைவி படம் எடுத்தாள். இரண்டு கைகளும் ஒட்டிப்போய் ஒரே கட்டியாக வந்தன.

நாற்காலிக்கடியில் அவன் மகள் போட்டுவிட்டுப் போன விளையாட்டுக் களிமண் கிடந்தது. அக்கா அதை உருட்டி நீட்டினாள்.

"கண்ணை மூடிக்கோ. உனக்கு எப்படி வாகோ அப்படிப் பிடி."

பிடித்தான். ஒரு நொடிதான். விட்டதும் கை மறுபடி ஆடியது. களிமண் ஆடவில்லை.

வழவழவென்று ஒரே நிறத்தில் இருந்தால் மென்பொருளுக்கு அடையாளம் பிடிக்க எதுவும் இருக்காது. அதனால் களிமண்மேல் காப்பித்தூளைத் தூவினாள். அளவு தெரிய, பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்தாள். சுற்றி வந்து அறுபது படம் எடுத்தாள்.

வந்துவிட்டது. மேலே உள்ளங்கைக் குழி. ஒரு பக்கம் நான்கு விரல் தடம், மறுபக்கம் கட்டைவிரல்.

கரண்டியை யாரும் அப்படிப் பிடிப்பதில்லை.

திருத்தலாமா என்று யோசித்தாள். பிறகு அது எதன் பிடி என்று புரிந்தது. இருபத்தோரு வருடம், தினமும் நாலு நடை, அவன் பேருந்து ஓட்டியவன். களிமண்ணில் இருந்தது கியர் குமிழைப் பிடித்த கை.

திருத்தவில்லை. அந்தக் குமிழை அப்படியே முப்பரிமாண அச்சுப்பொறியில் அச்சடித்து, கரண்டியைப் பக்கவாட்டில் செருகினாள். நடுக்கத்தை அடக்கும் கனத்துக்காக உள்ளே நான்கு இரும்பு நட்டுகளைப் போட்டாள்.

திங்கட்கிழமை மதியம் தம்பி தனியாகச் சாப்பிட்டான். கொஞ்சம் சட்டையில் சிந்தியது. மீதியெல்லாம் வாய்க்குப் போனது.