யார் வெட்டிய காது?

"என் ஆட்டைத் திருடி, என் புல்லுலயே மேய விட்டிருக்கா. இதுக்கு மேல என்ன சாட்சி சார் வேணும்?"

எவாரிஸ்தோ கத்தவில்லை. கத்தாமலே கொதித்தான்.

போலீஸ்காரர் குனிந்து, பிடித்துக் கட்டியிருந்த மூன்று ஆடுகளின் காதுகளையும் பார்த்தார். வலக்காதில் இரட்டை வெட்டு, இடக்காது நுனியில் பிறை. தென் அமெரிக்காவின் தென்கோடியான பதகோனியாவின் அந்தப் பள்ளத்தாக்கில் ஒவ்வொரு குடும்பத்து மந்தைக்கும் ஓர் அடையாள வெட்டு உண்டு. இது எவாரிஸ்தோ வீட்டு வெட்டு என்பது பச்சைப் பிள்ளைக்கும் தெரியும்.

எதிரே அமலியா நின்றாள். மாபுச்சே என்ற பூர்வகுடி இனத்துப் பெண். எங்கள் தாத்தா வாழ்ந்த மண் என்று சொல்லிக்கொண்டு போன வருடம்தான் மலையிலிருந்து இறங்கி வந்தாள். ஓடைக்கரையில் ஒரு தகரக் குடிசை, கூடவே கொஞ்சம் ஆடுகள்.

எவாரிஸ்தோவின் வயிற்றெரிச்சலிலும் நியாயம் இருந்தது. கட்டாந்தரையாகக் கிடந்த மேய்ச்சல் நிலத்துக்கு உயிர் கொடுத்தவன் அவன். மந்தையை ஒரு வேலிக்குள் நெருக்கி மேயவிட்டு, உடனே அடுத்த வேலிக்கு ஓட்டிவிடுவான். மேய்ந்த இடம் வருடம் முழுக்க ஓய்வெடுக்கும். தலைநகரிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து பார்த்து அசந்துபோனார்கள். அப்படிப் பொத்திப் பொத்தி வளர்த்த புல்லில்தான் இந்த மூன்றும் வாய் வைத்திருந்தன.

"வேலி தாண்டினது தப்புதான் சார்," என்றாள் அமலியா. "ஆனா ஆடு என்னோடது. மலையிலயே பிறந்தது. இந்த வெட்டும் எங்க வீட்டு வெட்டுதான்."

"கேட்டுக்கோங்க சார். நிலமும் இவளோடதாம், இப்ப காதும் இவளோடதாம்."

போலீஸ்காரர் தலையைச் சொறிந்தார். திருட்டு என்று வழக்குப் போட்டால் அமலியா உள்ளே போவாள். குடிசையும் அன்றைக்கே காலி. பாவமாகத்தான் இருந்தது. வெட்டு யாருடையது என்று விவரம் தெரிந்த ஒருவர் சொன்னால் முடித்துவிடலாம் என்றார்.

எவாரிஸ்தோவுக்குச் சிரிப்பு வந்தது. உள்ளே போய் அம்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தான். எல்வீரா அம்மாள் இந்தப் பண்ணைக்கு மருமகளாக வந்து அறுபது வருடமாகிறது.

"சொல்லும்மா. தாத்தா இங்க பண்ணை வச்சப்போ ஆட்டுக்கு என்ன வெட்டு போட்டாரு?"

அம்மாள் ஆட்டின் காதைத் தடவினாள். அதெல்லாம் இப்போது எதற்கு என்று முணுமுணுத்தாள். அவன் விடவில்லை. இவளை ஜெயிலுக்கு அனுப்ப அந்த ஒரு வார்த்தை போதும் என்றான்.

ஜெயில் என்றதும் அம்மாள் நிமிர்ந்தாள்.

"உங்க தாத்தா எங்கடா வெட்டினாரு? வந்தப்போ அவர்கிட்ட இருந்தது ஒரு குதிரையும் ஒரு துப்பாக்கியும்தான். ஓடைக்கரையில இருந்தவங்களை ராத்திரியோட ராத்திரியா விரட்டிட்டு, குடிசையைக் கொளுத்தினாரு. உங்க பாட்டி அதைச் சொல்லிச் சொல்லி அழுவாங்க."

எவாரிஸ்தோ கட்டியிருந்த ஆடுகளைத் திரும்பிப் பார்த்தான்.

"அப்ப... ஆடுங்க?"

"ஆடுங்க இங்கயேதான் நின்னுச்சு. காது ஏற்கெனவே வெட்டியிருந்துச்சுடா."